ஒரு டிராஃப்டரும் ஐந்து வேலைகளும்



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு மாணவர் பேரவையிலிருந்து எங்கள் வகுப்புக்கு வந்தார்கள். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டோம். என் பக்கத்து பெஞ்ச் நண்பன் மட்டும் எழுந்து, “இவன எழுதச் சொல்லுங்க, இவன் பார்க்காத வேலையே இல்ல” என்று என்னை மாட்டிவிட்டான். அவன் சொன்னது விளையாட்டுக்குத்தான். ஆனால் இரவு படுத்தபிறகு எண்ணிப் பார்த்தேன். இந்த மூன்று ஆண்டுகளில் நான் ஐந்து வேலைகள் பார்த்திருக்கிறேன். இரண்டில் ஏமாந்திருக்கிறேன். ஒன்றில் அரியர் வாங்கியிருக்கிறேன். ஒன்றில்தான் உருப்பட்டிருக்கிறேன். இதை எழுதினால் பின்னால் வருகிற ஒரு தம்பிக்காவது பயன்படுமே என்று தோன்றியது. நான் எழுத்தாளன் அல்ல. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். அப்பா மாட்டுத்தாவணி காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார். அம்மா வீட்டில் பூக்கட்டுகிறார். மதுரை மல்லிகைக்கு 2013-லேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. ஆனால் அதைக் கட்டுகிற விரலுக்கு இன்னமும் கட்டுக்கூலிதான். 2023-ல் பத்தாவது முடித்துவிட்டு நான் பாலிடெக்னிக்கில் சேர்ந்தபோது, “பாலிடெக்னிக்னா என்னப்பா, காலேஜா, பள்ளிக்கூடமா?” என்று அப்பா கேட்டார். எனக்கும் அப்போது சரியாகத் தெரியாது. “ரெண்டுக்கும் நடுவுலப்பா” என்றேன்.

அரசுக் கல்லூரி என்பதால் கட்டணம் பெரிதில்லை. பஸ் பாஸும் உண்டு. பிறகு என்ன செலவு என்று கேட்பீர்கள். நம் எல்லோருக்கும் தெரிந்த செலவுதான். லேப் கோட், ஷூ, ரெக்கார்டு நோட்டு, சயின்டிபிக் கால்குலேட்டர், ஜெராக்ஸ்... அதற்கெல்லாம் மேலே மினி டிராஃப்டர்! கடையில் 550 ரூபாய் சொன்னார்கள். வீட்டில் அந்த வாரம் ஏற்கெனவே ஷூவுக்குக் கடன் வாங்கியிருந்தார்கள். மறுபடியும் போய் 550 ரூபாய் கேட்க எனக்கு வாய் வரவில்லை. பக்கத்து பேட்ச் நண்பன் வரைந்து முடித்ததும் அவனுடைய டிராஃப்டரை வாங்கி, மீதி அரை மணி நேரத்தில் அவசர அவசரமாக வரைவேன். ஷீட்டில் கோடு கோணலாகப் போகும். “டிராஃப்டர் எங்கேப்பா?” என்று சார் கேட்டால், “வீட்டுல மறந்துட்டேன் சார்” என்று ஒவ்வொரு வாரமும் அதே பொய்யைச் சொல்வேன். அந்தப் பொய்தான் என்னை முதல் வேலைக்கு அனுப்பியது.

முதல் வேலை, பேப்பர் போடுவது. காலை நான்கரை மணிக்கு பேப்பர் கட்டு வந்து இறங்கும். இணைப்புகளைச் செருகி, எண்ணி, சைக்கிளில் அடுக்கிக்கொண்டு கிளம்ப வேண்டும். 110 வீடுகள். எந்த வீட்டுக்கு எந்தப் பேப்பர், எந்த வீட்டில் கேட்டுக்கு மேலே போட வேண்டும், எந்த வீட்டில் நாய் அவிழ்த்துவிட்டிருக்கும் என்பதெல்லாம் பத்து நாளில் மனப்பாடம் ஆகிவிடும். ஐப்பசி மழையில் நான் நனைந்தாலும் பேப்பர் நனையக் கூடாது. மாதம் 1,500 ரூபாய். முதல் சம்பளத்தில் டிராஃப்டரை வாங்கி, உறையோடு தோளில் மாட்டிக்கொண்டு மாட்டுத்தாவணி வழியாக வீட்டுக்குப் போனேன். அப்பா பார்த்துவிட்டு, “என்னடா இது, துப்பாக்கி மாதிரி?” என்றார். பக்கத்தில் இருந்த மற்ற சுமைதூக்கும் தொழிலாளிகளும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். அன்றைக்கு எனக்கிருந்த பெருமைக்கு அளவே இல்லை!

ஆனால் தினம் காலை இரண்டரை மணி நேரம், மாதம் முப்பது நாள். கணக்குப் போட்டால் 75 மணி நேரம். மணிக்கு 20 ரூபாய்! மதியம் இரண்டாவது பீரியடில் கண் தானாகச் சொக்கும். முதல் ஆண்டு முடிந்ததும் விட்டுவிட்டேன்.

இரண்டாவது வேலை நம்மில் பல பேர் பார்ப்பது. கல்யாண வீட்டில் பந்தி பரிமாறுவது. ஒரு நேரத்துக்கு 500 ரூபாய், வயிறாரச் சாப்பாடு. அதிகாலை முகூர்த்தம் என்றால் நான்கு மணிக்கே மண்டபத்தில் நிற்க வேண்டும். முதல் நாள் நான் இலையைத் திருப்பிப் போட்டுவிட்டேன். மாஸ்டர் வந்து, “நுனி இடது கைப் பக்கம் வரணும்னு தெரியாதாடா? வீட்டுல இலையில சாப்பிட்டதே இல்லையா?” என்று கத்தினார். அவர் எதற்கோ சொன்னார். எனக்கு எங்கேயோ பட்டது. ஆனால் இரண்டே வாரத்தில் சாம்பார் வாளியோடு ஒரு வரிசையை ஒரு சொட்டுச் சிந்தாமல் முடிக்கிற அளவுக்குத் தேறிவிட்டேன்.

ஒருநாள் பந்தியில் எங்கள் துறை ஆசிரியர் ஒருவர் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன். “தம்பி, இங்கிட்டுக் கொஞ்சம் ரசம்” என்று அவரே கூப்பிட்டார். தலை நிமிராமல் ஊற்றிவிட்டு நகர்ந்துவிட்டேன். கை கழுவுகிற இடத்தில் என் தோளைத் தொட்டு, “நானும் படிக்கிறப்ப ஹாஸ்டல் மெஸ்ஸுல பரிமாறியிருக்கேன்ப்பா. இதுல என்ன கூச்சம்? ஆனா நாளைக்கு ஃபர்ஸ்ட் பீரியட் என்னோடது. தூங்கிறாதே” என்று சொல்லிவிட்டுப் போனார். அதன்பிறகு நான் எந்தப் பந்தியிலும் தூணுக்குப் பின்னால் ஒதுங்கியதில்லை.

பந்தி வேலையில் ஒரு சிக்கல் உண்டு தோழர்களே. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. புரட்டாசியிலும் குறைவு. நமக்கு நேரம் இருக்கும்போது வேலை இருக்காது. ஐப்பசியில் வரிசையாக முகூர்த்தம் வரும். நமக்கு அப்போதுதான் செமஸ்டர் பரீட்சையும் வரும்! 2024 ஐப்பசியில் சர்க்யூட்ஸ் பரீட்சைக்கு முந்தின நாள் ஏஜெண்ட் போன் செய்தார். “ஆள் பத்தலடா. நைட் ரிசப்ஷனும் காலை முகூர்த்தமும் சேர்த்து ஆயிரம். காலையில எட்டு மணிக்கு விட்டுர்றேன், போய்ப் பரீட்சை எழுது” என்றார். போனேன். எட்டு மணிக்கும் விட்டார். ஆனால் பரீட்சை ஹாலில் வினாத்தாளைப் பார்த்தால் எழுத்துகள் பந்தி வரிசை மாதிரி நீண்டுகொண்டே போயின. பத்தரை மணிக்கு மேல் என்ன எழுதினேன் என்றே நினைவில்லை. பெயில்.

ரிசல்ட் வந்து இரண்டு நாள் வீட்டில் சொல்லவில்லை. மூன்றாம் நாள் இரவு சாப்பிடும்போது சொன்னேன். அப்பா திட்டவில்லை.

“அந்தக் கல்யாணத்துல எவ்வளவுடா குடுத்தாங்க?”

“ரெண்டு நேரத்துக்குச் சேர்த்து ஆயிரம்ப்பா.”

“மறுபடி அந்தப் பரீட்சை எப்ப வரும்?”

“ஏப்ரல்லப்பா.”

“அப்ப ஆறு மாசம். ஆறு மாசத்த ஆயிரம் ரூபாய்க்கு வித்திருக்க.” சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். “நான் மூட்டைக்கு இவ்வளவுன்னு பேசிட்டுத்தான் தோள்ல ஏத்துவேன். நீ படிச்சவன், வெல பேசாமயே தூக்கிட்ட.”

அம்மா பூக்கட்டுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இனிமேல் ராத்திரி வேலைக்குப் போவதில்லை என்று முடிவெடுத்தேன்.

மூன்றாவது வேலையைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன். காசுக்கு ரெக்கார்டு எழுதிக் கொடுத்தேன். ஒரு ரெக்கார்டுக்கு 200 ரூபாய். உட்கார்ந்த இடத்தில் வேலை, அலைச்சல் இல்லை. நான் எழுதிக் கொடுத்த ஒருவன் பிராக்டிகலில், தன் ரெக்கார்டில் இருக்கிற சர்க்யூட்டையே கனெக்‌ஷன் கொடுக்கத் தெரியாமல் நின்றான். எக்ஸ்டர்னல் அவனைப் பார்த்த பார்வை என்மேல் விழுந்த மாதிரி இருந்தது. அவனுக்கு நான் உதவி செய்யவில்லை. 200 ரூபாய் வாங்கிக்கொண்டு அவன் கற்க வேண்டியதைக் கெடுத்திருக்கிறேன். அதோடு விட்டேன்.

நான்காவது, வேலையே அல்ல. 2025 தொடக்கத்தில் என் போனுக்கு ஒரு செய்தி வந்தது. வீட்டிலிருந்தபடி பகுதிநேர வேலை, போனில் ஹோட்டல்களுக்கு நட்சத்திரம் போட்டால் போதும், மாணவர்களுக்கு முன்னுரிமை என்று இருந்தது. மூன்று ஹோட்டலுக்கு நட்சத்திரம் போட்டேன். 150 ரூபாய் நிஜமாகவே கணக்கில் ஏறியது! அடுத்து 1,000 ரூபாய் கட்டினால் பெரிய டாஸ்க் என்றார்கள். கட்டினேன், 1,300 ஆக வந்தது. அந்த குரூப்பில் வேறு, “எனக்கு எட்டாயிரம் வந்தது”, “எனக்குப் பத்தாயிரம் வந்தது” என்று ஆளாளுக்கு எழுதிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் அவர்கள் ஆட்களே என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது. அரியர் கட்டணத்துக்கும் தங்கச்சிக்குச் செருப்புக்கும் வைத்திருந்த 3,000 ரூபாயை எடுத்துக் கட்டினேன். இந்தத் தடவை திரையில் மட்டும் 4,200 என்று காட்டியது, கைக்கு வரவில்லை. எடுக்க வேண்டும் என்றால் இன்னும் 6,000 கட்ட வேண்டுமாம். அப்போதுதான் மண்டையில் உறைத்தது.

வெட்கத்தில் நான்கு நாள் யாரிடமும் சொல்லவில்லை. அதுதான் நான் செய்த பெரிய தவறு. பணம் மோசடியாகப் போனால் உடனே 1930 என்ற உதவி எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். சீக்கிரம் சொன்னால் பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குப் போவதற்குள் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. நான் சொன்னபோது என் பணம் எங்கேயோ போய்விட்டது. ஆறு பந்திகளில் வாளி தூக்கிய பணம். இதிலிருந்து ஒரு வரி மட்டும் நினைவில் வையுங்கள். வேலை கொடுக்கிறவன்தான் நமக்குப் பணம் தர வேண்டும். நம்மிடம் முதலில் பணம் கேட்கிறவன் வேலை கொடுக்க வரவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். “உன் பேங்க் பாஸ்புக்கு, ஏ.டி.எம். கார்டு, சிம் மூணையும் கொடு, மாசம் அஞ்சாயிரம் தர்றேன்” என்று பஸ் ஸ்டாண்டில் ஒருவர் எங்கள் வகுப்புப் பையன் ஒருவனிடம் கேட்டிருக்கிறார். நல்ல வேளை, அவன் கொடுக்கவில்லை. என்னைப் போன்றவர்களிடம் ஏமாற்றிய பணம் அப்படிப்பட்ட கணக்குகள் வழியாகத்தான் ஓடுகிறது. போலீஸ் முதலில் தேடி வருவது கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவரைத்தான். அரசு வேலைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் ஆசைப்படுகிற நாம் 5,000 ரூபாய்க்கு வழக்கில் போய் நிற்கலாமா?

ஐந்தாவது வேலைக்கு நானாகப் போகவில்லை. எங்கள் வீட்டுக்காரரின் தண்ணீர் மோட்டார் கருகிவிட்டது. தூக்கிக்கொண்டு போய் வைண்டிங் கடையில் கொடுத்துவிட்டு வா என்றார். கடை அண்ணன் எட்டாவது வரை படித்தவர். “என்ன படிக்கிற தம்பி?” என்றார். “டிப்ளமோ, எலக்ட்ரிகல்ண்ணே” என்றேன், கொஞ்சம் நிமிர்ந்துதான். அவர் வேறொரு மோட்டாரைக் காட்டினார். அதிலிருந்து மூன்று ஒயர் வெளியே வந்திருந்தது. “இதுல எது ஸ்டார்ட்டிங், எது ரன்னிங், எது காமன்? சொல்லு பாப்பம்.” எனக்குத் தெரியவில்லை. நிமிர்ந்த தலை குனிந்தது.

அவர் மீட்டரை எடுத்து இரண்டிரண்டு ஒயராக வைத்துக் காட்டினார். ஒரு ஜோடியில் 8 ஓம், இன்னொன்றில் 20, மற்றொன்றில் 28. “இருபத்தெட்டு வருதுல்ல, அது ரெண்டு காயிலும் சேர்ந்தது. அப்ப மிச்சம் இருக்கிற மூணாவது ஒயர்தான் காமன். காமன்ல இருந்து இருபது காட்டுறது ஸ்டார்ட்டிங், கம்பி சன்னம். எட்டு காட்டுறது ரன்னிங், கம்பி தடிமன்.” அவ்வளவுதான்! சீரியஸில் இருந்தால் ரெசிஸ்டன்ஸ் கூடும் என்று நான் நோட்டில் நூறு தடவை எழுதியிருக்கிறேன். பரீட்சையில் கோட்டைவிட்டதும் அந்தப் பாடத்தைத்தான். கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.

“அண்ணே, சனி ஞாயிறு நான் வரட்டுமா?” என்று கேட்டுவிட்டேன். முதல் மாதம் டீயும் வடையும்தான் சம்பளம். பழைய கம்பியை வெட்டி எடுப்பது, ஸ்லாட்டைச் சுத்தம் செய்வது, உள்ளே பேப்பர் வைப்பது, எத்தனை சுற்று என்று எண்ணி நோட்டில் எழுதுவது. ஒரு சுற்று தப்பாக எண்ணினாலும் அண்ணன் முழுக் காயிலையும் பிரிக்கச் சொல்வார். பிறகு வார்னிஷ் ஊற்றிக் காய வைப்பது, சீரியஸ் லாம்ப் வைத்து பாடிக்கு எர்த் ஆகிறதா என்று பார்ப்பது. இரண்டாம் மாதத்திலிருந்து நாளைக்கு 350 ரூபாய். ஃபேன் மெதுவாகச் சுற்றினால் முதலில் கெப்பாசிட்டரைப் பார், சத்தம் வந்தால் பேரிங்கைப் பார், மிக்ஸியில் பொறி பறந்தால் கார்பனைப் பார் என்று அங்கே கற்றதை வைத்து இப்போது எங்கள் தெருவில் சின்னச் சின்ன ரிப்பேரும் பார்க்கிறேன். 2025 ஏப்ரலில் சர்க்யூட்ஸ் அரியரை எழுதினேன். பாஸ்! அப்பாவிடம் சொன்னபோது, “அந்த வைண்டிங் கடைக்காரருக்கு ஒரு கிலோ கத்திரிக்காய் கொண்டுபோய்க் குடு” என்றார். கொடுத்தேன்.

சில பேர் கேட்பார்கள், பந்தியில் இதைவிட அதிகம் கிடைக்குமே என்று. உண்மைதான். போக வர நேரத்தையும் சேர்த்தால் பந்தியில் மணிக்கு 50 ரூபாய் நிற்கிறது. கடையில் 44 ரூபாய்தான். எங்கள் வகுப்புத் தோழி ஒருவர் தெருப் பிள்ளைகள் ஏழு பேருக்கு மாலையில் ஒன்றரை மணி நேரம் டியூஷன் எடுக்கிறார். தலைக்கு 300, மாதம் 2,100. கணக்குப் பார்த்தால் மணிக்கு 60 ரூபாய்க்கு மேல். நம் எல்லோரிலும் அவர்தான் கெட்டிக்காரர்! ரவிக்கைக்கு ஆரி வேலை செய்கிற தோழியும் இருக்கிறார். ஒரு நண்பன் வண்டியில் உணவு டெலிவரிக்குப் போகிறான். அதற்கு 18 வயதும் லைசென்ஸும் வேண்டும். பெட்ரோலும் வண்டித் தவணையும் போக மிச்சம் எவ்வளவு என்று அவனைக் கேட்டால் பேச்சை மாற்றுகிறான். மழையில் அவசரமாக ஓட்டுவதை நினைத்தால் எனக்கு பயமாக இருக்கிறது.

ஆகவே தோழர்களே, மணிக்கு எவ்வளவு என்று மட்டும் பார்க்காதீர்கள். அந்த மணி நேரம் முடிந்தபிறகு கையில் என்ன மிச்சம் என்றும் பாருங்கள். பந்தியில் எனக்குக் கூச்சம் போனது, அதுவும் லாபம்தான். கடையில் தொழில் வந்தது. போன் டாஸ்க்கில் இருந்ததும் போனது.

நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

1. செமஸ்டர் கால அட்டவணை வந்ததும் ஏஜெண்டிடம், கடையில், வீட்டில் என்று எல்லா இடத்திலும் அதைக் காட்டிவிடுங்கள். பரீட்சைக்கு முந்தைய வாரம் எவ்வளவு கொடுத்தாலும் போகாதீர்கள்.

2. கூலியை முதலிலேயே பேசுங்கள். அன்றைய கூலியை அன்றே வாங்குங்கள். “அடுத்த கல்யாணத்துல சேர்த்துத் தர்றேன்” என்றால் அடுத்த கல்யாணத்துக்குப் போகாதீர்கள். எனக்கு இன்னமும் ஒரு 500 ரூபாய் வர வேண்டியிருக்கிறது.

3. புது இடத்துக்குத் தனியாகப் போகாதீர்கள். இடமும் நேரமும் வீட்டில் தெரியட்டும்.

4. ஓ.டி.பி., ஏ.டி.எம். கார்டு, ஒரிஜினல் சான்றிதழ் எதையும் யாரிடமும் கொடுக்காதீர்கள்.

5. எலக்ட்ரிகல் தோழர்கள் மெயினை அணைக்காமல் கை வைக்காதீர்கள். மெயினை அணைத்தாலும் கெப்பாசிட்டரில் சார்ஜ் இருக்கும். மீட்டர் பக்கமும் கம்பத்துப் பக்கமும் நமக்கு வேலை இல்லை. அதற்கு உரிமம் உள்ளவர்கள் இருக்கிறார்கள்.

6. முடிந்தவரை நம் படிப்பை ஒட்டிய வேலையைத் தேடுங்கள். சிவில் தோழர்களுக்குப் பிளான் வரைகிற அலுவலகம், மெக்கானிக்கல் தோழர்களுக்கு லேத் பட்டறை. சம்பளம் குறைவாக இருந்தாலும் பாடம் சேர்ந்து வரும்.

வரவைப் போலவே செலவையும் சொல்லிவிடுகிறேன். அரசுப் பள்ளியில் படித்துவிட்டு வந்த மாணவர்களுக்காக 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன் திட்டம் தொடங்கியபோது எனக்கு மாதம் 1,000 ரூபாய் வந்தது. தோழியர்களுக்கு 2022-லேயே புதுமைப் பெண் திட்டம் வந்துவிட்டது. கடையில் எட்டு நாளுக்கு 2,800. இரண்டும் சேர்ந்து 3,800. அதில் 2,000 அம்மா கையில், 1,000 சேமிப்பில், 800 என் ஜெராக்ஸுக்கும் டீக்கும். ‘ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு’ என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? தங்கச்சிக்குச் செருப்பும் வாங்கியாகிவிட்டது.

சென்ற மாதம் எங்கள் தெருவிலிருந்து முதலாம் ஆண்டு சேர்ந்திருக்கிற ஒரு தம்பி வீட்டுக்கு வந்தான். வாசலிலேயே நின்றான். “அண்ணே, என்னயும் பந்திக்குக் கூட்டிட்டுப் போறீங்களா? டிராஃப்டர் வாங்கணும்” என்றான். உள்ளே போய் என் டிராஃப்டரை எடுத்துவந்து அவன் கையில் கொடுத்தேன். ஸ்குரூ ஒன்று லூஸ், மற்றபடி நன்றாக இருக்கிறது.

“அப்ப பந்திக்கு?” என்றான். விட மாட்டான் போலிருக்கிறது!

“போலாம்டா தம்பி. முதல்ல உன் பரீட்சை டைம்டேபிள எடுத்துட்டு வா” என்றேன்.



— மூன்றாம் ஆண்டு மாணவன்,
மின்னியல் மற்றும் மின்னணுவியல் துறை